மைனஸ் ஒன்று புள்ளி ஐந்து ஒன்று

பட்டாபிராமில் ரயில்வே கேட்டுக்குப் பின்பக்கம் மூன்றாவது தெருவில் குடியிருக்கும் ஸ்வீட்லின் வேதியியல் படித்தவளல்ல. பிளஸ் டூவில் வணிகவியல், கல்லூரியில் பி.காம்., அதற்கு மேல் தமிழிலும் ஆங்கிலத்திலும் டைப்ரைட்டிங் ஹையர். பத்தாம் வகுப்பு அறிவியலில் நாற்பத்தொன்பது மதிப்பெண் வாங்கிய அன்றே, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு செய்தவள். அப்படிப்பட்டவள் தன் நாற்பத்தோராவது வயதில், ஆவடியில் ஒரு கோச்சிங் சென்டரின் மாடியில், இருபது பெற்றோர் சூழ்ந்து நிற்க, ஹைட்ரஜன் அணுவின் மூன்றாவது வட்டப்பாதையில் எலக்ட்ரானுக்கு எவ்வளவு ஆற்றல் என்று போர்டில் எழுதி விளக்க வேண்டி வந்தது. இதைக் கேட்ட அவளுடைய பத்தாம் வகுப்புத் தோழிகள் யாரும் இன்றுவரை நம்பவில்லை.

அவளுக்கு இயற்கையிலேயே அமைந்தது ஒன்று உண்டென்றால், அது பிழை பிடிக்கும் கண். பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளில் ஒற்று மிகுந்திருக்கிறதா, விட்டுப்போயிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வருவாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் கையில் கொடுக்கும் அறிக்கையில் ‘ஜெபக் கூட்டம்’ ‘ஜெபக் கூடம்’ ஆகியிருந்தால், பிரசங்கம் முடியும்வரை அவளுக்கு மனம் அதிலேயே நிற்கும். மேனாம்பேடு போகும் வழியில் இருந்த ஒரு அச்சகத்தில் பதினோரு வருஷம் கல்யாணப் பத்திரிகை அடித்தவள். அந்தக் கண் அங்கே நன்றாகவே சோறு போட்டது, ஒரே ஒரு தடவை தவிர.

அந்த ஒரு தடவை, மாப்பிள்ளையின் பெயர் ‘ஜேசுராஜ்’ என்று கையெழுத்துப் பிரதியில் இருந்தது. ஸ்வீட்லின் நல்லெண்ணத்தோடு அதை ‘யேசுராஜ்’ என்று திருத்தி ஐந்நூறு பத்திரிகை அடித்துவிட்டாள். மாப்பிள்ளையின் அப்பா வந்து, ரேஷன் கார்டு, ஆதார், ஞானஸ்நானச் சான்றிதழ் மூன்றையும் மேஜைமேல் பரப்பி, எந்த ஆண்டவர் வந்து என் பிள்ளை பெயரை மாற்றச் சொன்னார் என்று கேட்டார். ஐந்நூறு பத்திரிகையும் குப்பைக்குப் போயின. அச்சக முதலாளி அவளைக் கூப்பிட்டு, காப்பியில் இருப்பது பேப்பரில் இருக்க வேண்டும், நம் மூளை நடுவில் வரக்கூடாது என்றார். அன்றிலிருந்து அதுவே அவளுக்கு வேதவாக்காயிற்று. தப்பு தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே அடிப்பாள்.

கொரோனாவுக்குப் பிறகு பத்திரிகை அடிக்கிற வழக்கம் பாதியாகக் குறைந்தது. ஊர் முழுக்க வாட்ஸப்பில் அழைத்துக்கொள்ள ஆரம்பித்ததும் அச்சகத்தை மூடினார்கள். அந்தச் சமயத்தில்தான் மனோகரன் சாரின் நீட் கோச்சிங் சென்டரில் வினாத்தாள் டைப் செய்ய ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

மனோகரன் சார் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மருந்து கம்பெனி லேபில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு, வெளியே வந்து கோச்சிங் ஆரம்பித்தவர். வயது ஐம்பத்திரண்டு. வேதியியலில் தன்னைவிட நல்ல கேள்வி எழுதக்கூடியவர் செங்குன்றத்துக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இல்லை என்பது அவருடைய உறுதியான கருத்து. கேள்விகள் நல்லவைதான், கையெழுத்துதான் கொடுமை. டாக்டர்களை உருவாக்குகிறவர் என்பதாலோ என்னவோ, அவர் கையெழுத்து அவர்களுக்கு முன்பே டாக்டர் கையெழுத்தாகிவிட்டிருந்தது.

சேர்ந்த முதல் வாரம் அவள் கார்பன் மோனாக்சைடை அடிக்கும்போது இரண்டாவது எழுத்தைச் சின்ன எழுத்தாகப் போட்டுவிட்டாள். சார் ப்ரூஃபைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். “ஏம்மா, இது விஷ வாயு. ஒரு எழுத்தை நீ சின்னதாக்கினதும் கோபால்ட்டுங்கிற உலோகம் ஆயிட்டுது. இப்போ என் பசங்க உலோகத்தை மூச்சுல இழுத்துச் சாவணுமா?” என்றார். ஸ்வீட்லினுக்கு அவமானமாக இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு ஆச்சரியம். கல்யாணப் பத்திரிகையில் ஒரு ஒற்று போனால் பெயர்தான் கெடும். இங்கே பொருளே வேறாகிவிடுகிறதே.

அதன் பிறகு அவள் அடிப்பதை வாசிக்க ஆரம்பித்தாள். நான்கு வருஷத்தில் எத்தனையோ மாதிரித் தேர்வுகள். கேள்விகள் எண்ணாயிரத்தைத் தாண்டியிருக்கும். கேள்வியை அடித்த கையோடு விடைக் குறிப்பையும், அதற்கு விளக்கத்தையும் அவளேதான் அடிக்க வேண்டும். அடிக்க அடிக்க, ஒரே முகங்கள் திரும்பத் திரும்ப வருவது அவளுக்குப் பிடிபட்டது. ஹைட்ரஜன் அணுவின் முதல் வட்டப்பாதைக்கு எப்போதும் மைனஸ் பதின்மூன்று புள்ளி ஆறு எலக்ட்ரான் வோல்ட். இரண்டாவதுக்கு மைனஸ் மூன்று புள்ளி நான்கு. மூன்றாவதுக்கு மைனஸ் ஒன்று புள்ளி ஐந்து ஒன்று. பாதையின் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, பதின்மூன்று புள்ளி ஆறை அதைக் கொண்டு வகுக்க வேண்டும் என்பதும் விளக்கங்களிலிருந்து தெரிந்தது.

அதைவிட அவளுக்குப் பிடித்தது சேர்மத்தைக் கண்டுபிடிக்கும் கேள்விகள். A என்றொரு சேர்மம், அதை ஆக்ஸிஜனேற்றம் செய்தால் B, B-யை அயோடினோடும் காஸ்டிக் சோடாவோடும் சேர்த்தால் மஞ்சள் வீழ்படிவு, டாலன்ஸ் என்கிற வெள்ளிக் கரைசலோடு சேர்த்தால் ஒன்றும் நடக்கவில்லை, A யார்? இதைச் சாயங்காலம் டீ குடிக்கும்போது அவள் கணவன் பிராங்கிடம் சொல்வாள். பிராங்க் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஃபிட்டர். சீரியல் பார்க்கும் பழக்கம் இல்லாதவனுக்கு இதுவே சீரியலாக ஆகிவிட்டது. ஒரு நாள் விடையைச் சொல்லாமலே அவள் சப்பாத்தி போட எழுந்து போனாள். அவன் அடுப்படி வரைக்கும் பின்னாலேயே வந்து, அந்த B ஆம்பிளையா பொம்பளையா என்று கேட்டான். B கீட்டோன் என்று அவள் சொன்னாள். அப்படித்தான் நினைத்தேன் என்றான் பிராங்க்.

போன ஆண்டு தை மாதம் மனோகரன் சார் தன் தங்கை மகள் கல்யாணத்துக்கு மன்னார்குடி போனார். ஞாயிற்றுக்கிழமை பெரிய மாதிரித் தேர்வு. வினாத்தாளை அங்கே இருந்தே எழுதி, பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சனிக்கிழமை காலையில் வாட்ஸப்பில் அனுப்பினார். ஒரு பக்கத்தில் ஜாங்கிரி பாகு ஒட்டியிருந்தது. ஸ்வீட்லின் பாகைத் தாண்டிப் படித்து அடித்துக்கொண்டே வந்தாள். விடைக் குறிப்பில் முப்பத்தோராவது கேள்விக்கு வந்ததும் கை நின்றது.

கேள்வி சாதாரணமானது. ஹைட்ரஜன் அணுவில் மூன்றாவது வட்டப்பாதையில் உள்ள எலக்ட்ரானின் ஆற்றல் எவ்வளவு? நான்கு விடைகளில் ஒன்றாக மைனஸ் ஒன்று புள்ளி ஐந்து ஒன்று இருந்தது. ஆனால் சார் சரியென்று குறித்திருந்தது அதற்கு அடுத்ததை, மைனஸ் நான்கு புள்ளி ஐந்து மூன்றை. மூன்றை மூன்றால் பெருக்காமல் வெறும் மூன்றால் வகுத்துவிட்டார். ஸ்வீட்லின் கீபோர்டைத் தள்ளிவைத்தாள். சாருக்குப் போன் செய்தாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மத்தியானம் வரை பதினோரு தடவை செய்து பார்த்தாள். அந்த நேரத்தில் அந்தப் போன் பந்தியில் ஒரு ரசவாளிக்குள் விழுந்து உயிரை விட்டிருந்தது என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

மாற்றிவிடலாமா என்று ஒரு நிமிஷம் கை போயிற்று. உடனே ஜேசுராஜின் அப்பா ஆதார் கார்டோடு கண்ணெதிரே வந்து நின்றார். நீ யார் மாற்றுவதற்கு, பி.காம். படித்தவள்தானே, ஒருவேளை சாருக்குத் தெரிந்த வேறு ஏதோ கணக்கு இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காப்பியில் இருந்தபடியே அடித்து, அச்செடுத்து, கவரில் போட்டு ஒட்டினாள். வீட்டுக்குப் போய் மீன் குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு நடந்தது. திங்கட்கிழமை விடைத்தாள்களை மெஷின் திருத்திக் கொடுத்தது. மெஷினுக்கு என்ன தெரியும். கீயில், அதாவது விடைக் குறிப்பில், இருப்பதுதான் அதற்குச் சத்தியம். சரியாக எழுதிய எழுபத்தெட்டுப் பேருக்கு நான்கு மதிப்பெண் போய், நெகட்டிவ் ஒன்றும் சேர்ந்து கழிந்தது. சரியென்று வந்தது ஆறே பேருக்கு. அதில் ஜெகன் என்ற பையன், தெரியாத கேள்விக்கெல்லாம் மூன்றாவது கட்டத்தை நிரப்புவதைக் கொள்கையாக வைத்திருப்பவன். எப்போதும் முதலிடத்தில் வரும் கவிப்பிரியா நான்காம் இடத்துக்கு இறங்கியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்வீட்லின் ஆபீஸைத் திறந்தபோதே படியில் ஆள் நின்றிருந்தது. மற்றப் பாடத்து ஆசிரியர்கள் வகுப்பு உள்ள நாளில்தான் வருவார்கள். ஆபீஸில் அவள் ஒருத்திதான். அரை மணி நேரத்தில் இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஐ.டி. கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடியே அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வந்தவர்கள், மார்க்கெட்டிலிருந்து பையோடு வந்தவர்கள் என்று கலவையாக நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால் கவிப்பிரியாவின் அப்பா கஜபதி. வெள்ளானூர்க்காரர். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பக்கத்தில் கவிப்பிரியா கண் சிவந்து நின்றாள்.

“இன்னா மேடம் இது?” என்றார் கஜபதி. “எம்பொண்ணு மூணு தபா போட்டுப் பாத்துகினு சொல்றா, ஒண்ணு புள்ளி அஞ்சு ஒண்ணுதான் கரீட்டுன்னு. நீங்க தப்புன்னு போட்டுகீறீங்க. நேத்துலேந்து சோறு துன்னல அது.”

சார் ஊரில் இல்லை, வியாழக்கிழமை வருவார், தான் வெறும் டைப்பிஸ்ட் என்று ஸ்வீட்லின் சொன்னாள். அதற்கு ஒரு அடையாள அட்டை அம்மா, அப்படியானால் விஷயம் தெரிந்த யாரையாவது கூப்பிடுங்கள் என்றார். கூப்பிட யாரும் இல்லை. ஸ்வீட்லின் கவிப்பிரியாவின் முகத்தைப் பார்த்தாள். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

“அந்தப் பொண்ணு போட்டதுதான் சரி. கீதான் தப்பு.”

டைப்பிஸ்ட் சொல்வதை எப்படி நம்புவது என்று பின்னால் யாரோ கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். ஸ்வீட்லின் மார்க்கரை எடுத்தாள். அவசரத்தில் பதின்மூன்று புள்ளி ஆறின் புள்ளி வால் முளைத்துக் கமாவாகிப் போனது. அதை அழித்துவிட்டுச் சரியாகப் போட்டாள். அந்த நிலைமையிலும் அவளால் அதை விட முடியவில்லை.

முதல் பாதைக்கு ஒன்றை ஒன்றால் பெருக்கி வகுக்க வேண்டும், இரண்டாவதுக்கு நான்கால், மூன்றாவதுக்கு ஒன்பதால் என்று எழுதிக் காட்டினாள். ஒன்று புள்ளி ஐந்து ஒன்று வந்தது. படித்தவர்கள் தலையாட்டினார்கள். கஜபதி ஆட்டவில்லை.

“அது சரி மேடம். மைனஸ் இன்னாத்துக்கு? எனர்ஜி எப்டி மைனஸ்ல கீதும்?”

இதற்கு எந்த விளக்கத்திலும் அவள் டைப் அடித்த பதில் ஒரே ஒரு வரி. அணுக்கருவோடு கட்டுண்ட நிலை. அந்த வரியைச் சொன்னாள். கஜபதி முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. காலையில் பட்டாபிராமில் ஏறிய சென்ட்ரல் ரயில் அவளுக்கு ஞாபகத்துக்கு வந்தது.

“அண்ணே, காலைல எட்டு மணி சென்ட்ரல் வண்டில ஏறியிருக்கீங்களா? பெட்டிக்கு நட்டநடுவுல ஒருத்தன் மாட்டிக்கிட்டான்னு வெச்சுக்கங்க. அவன அம்பத்தூர்ல இறக்கணும்னா எவ்ளோ தள்ளணும்? அந்தத் தள்ளுதான் பதிமூணு புள்ளி ஆறு. அவன் அவ்ளோ கடன்பட்ட மாதிரி உள்ள கெடக்கறான், அதான் மைனஸ். மூணாவது பாதைல இருக்கறவன் ஃபுட்போர்டுல நிக்கறான். ஒண்ணரை தள்ளு தள்ளினா போதும், கீழ வந்துடுவான்.”

கஜபதி உடனே திரும்பி, தனக்குப் பின்னால் நின்றவர்களுக்கு அதையே ஷேர் ஆட்டோவை வைத்து விளக்க ஆரம்பித்தார். பின்சீட்டில் நடுவில் உட்கார்ந்தவன், ஓரத்தில் உட்கார்ந்தவன், டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்குகிறவன் என்று மூன்று பாதையும் வந்துவிட்டது. வெளியே தொங்குகிறவனுக்குத் தள்ளே வேண்டாம், ஸ்பீடு பிரேக்கரே போதும் என்று அவர் சொன்னபோது அடையாள அட்டை அம்மாவும் சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பில் எல்லாம் முடிந்திருக்கும். ஸ்வீட்லின்தான் சும்மா இருக்காமல், சனிக்கிழமையே எனக்குத் தெரியும், சாருக்குப் பதினோரு தடவை போன் செய்தேன், கிடைக்கவில்லை என்றாள். தன் மேல் தப்பில்லை என்று காட்டத்தான் சொன்னாள். கவிப்பிரியா அதுவரை வாயே திறக்காதவள், மெல்லிய குரலில் கேட்டாள்.

“தெரிஞ்சுதான் அடிச்சீங்களா மேடம்? அப்ப ஏன் மாத்தல?”

ஜேசுராஜ் கதையைச் சொல்லலாம் என்று வாயெடுத்தாள். அந்தப் பெண்ணின் முன்னால் அது ஒரு காரணமாகவே தோன்றவில்லை. பயமா இருந்துச்சு கண்ணு, என்றாள். கஜபதி, போனா போது மேடம், இனிமே தெரிஞ்சா மாத்திடுங்க என்று சொல்லிவிட்டு, மகளை டிபன் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார்.

மற்றவர்கள் போகவில்லை. போர்டும் ஆளும் கிடைத்த பிறகு சும்மா போக யாருக்கு மனம் வரும். ஒருவர் முப்பத்தெட்டாவது கேள்வியைக் கேட்டார். மூன்று கார்பன் உள்ள ஆல்கஹால் A; ஆக்ஸிஜனேற்றினால் B; B மஞ்சள் வீழ்படிவு தருகிறது, டாலன்ஸை அசைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஸ்வீட்லின் பிராங்குக்குச் சொல்கிற மாதிரியே சொன்னாள். டாலன்ஸ் அசையவில்லை என்றால் B ஆல்டிஹைடு இல்லை, ஆக கீட்டோன், மூன்று கார்பனில் கீட்டோன் அசிட்டோன் ஒன்றுதான், அசிட்டோனைப் பெற்ற ஆல்கஹால் நடுக் கார்பனில் கைவைத்திருக்க வேண்டும், ஆகவே புரோப்பன்-2-ஆல். முன்வரிசையில் ஒரு அம்மா கத்திரிக்காய்ப் பையைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது எல்லாரும் அவள் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டு நாளில் அவள் போனுக்கு நாற்பத்துமூன்று சந்தேகங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் முதலில் ‘நான் ஆசிரியர் இல்லை’ என்று அடித்து அனுப்பிவிட்டு, தெரிந்ததற்குக் கீழே விடையும் அனுப்பினாள். தெரியாததற்கு வெறும் முதல் வரி மட்டும் போனது. இதனால் ‘நான் ஆசிரியர் இல்லை’ என்றால் கேள்வி கஷ்டமானது என்று அர்த்தம் என்று மாணவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை மனோகரன் சார் புதுப் போனோடு வந்தார். வாசலிலேயே செய்தி அவருக்குக் கிடைத்துவிட்டது. அதைவிடப் பெரிய அடி, ஒரு பெற்றோர் அவரைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை சார், ஸ்வீட்லின் மேடம் இருந்தாங்கன்னா பேசிட்டுப் போறேன் என்று சொன்னது. சார் உள்ளே வந்து விடைக் குறிப்பைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எண் மாறவில்லை.

“நாதஸ்வரக்காரன் காதுக்குப் பக்கத்துல உக்காந்திருந்தான்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “தவில் வேற” என்றார்.

ஸ்வீட்லின் மதிப்பெண் பட்டியலை எடுத்து நீட்டினாள். எல்லாருக்கும் அந்தக் கேள்விக்கு மதிப்பெண்ணைத் திருத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வேலை முடிந்தது. ஆனால் அவருக்கு மனசு ஆறவில்லை. பன்னிரண்டு மணிவாக்கில் அவளைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். சரி, நீ எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாய் பார்க்கலாம் என்று கேட்க ஆரம்பித்தார். ஹீலியம் அயனியின் முதல் பாதை என்றார்; மைனஸ் ஐம்பத்து நான்கு புள்ளி நான்கு என்றாள். வெள்ளி ஆடி தருவது எது என்றார், ஆல்டிஹைடு என்றாள். கீட்டோனாக மாறாமலே அயோடினில் மஞ்சள் தருகிற ஆல்கஹால் எது என்றார். எத்தனால், ரெண்டு டெஸ்ட்டுக்கு ஒரு தடவை வருது சார் என்றாள். சாருக்கு வேர்த்தது. மின்விசிறியை ஐந்தில் வைத்தார்.

கடைசியில் அவர் ஒரு காகிதத்தில் அசிட்டிக் அமிலத்தின் அமைப்பை வரைந்து நீட்டினார். இது மஞ்சள் வீழ்படிவு தருமா?

அவள் இதுவரை டைப் அடிக்காத கேள்வி. பார்த்தாள். மெத்தில் தொகுதி இருந்தது, அதற்குப் பக்கத்தில் கார்பனும் ஆக்ஸிஜனும் இருந்தன. அவள் பார்த்த எல்லா மஞ்சள்காரர்களிடமும் இருந்த அதே அடையாளம்.

“தரும் சார்” என்றாள்.

“தராது” என்றார் மனோகரன் சார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது மலர்ந்த மாதிரி அவர் முகம் தங்கை மகள் கல்யாணத்தில்கூட மலர்ந்திருக்காது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். காரத்தில் போட்டதும் அமிலம் முதலில் தன் ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டுச் சமாதானமாக உட்கார்ந்துவிடும், மெத்தில் பக்கம் அயோடின் வருவதற்கு வழியே திறக்காது என்று வரைந்து வரைந்து சொன்னார். அரை மணி நேரம் சொன்னார். ஸ்வீட்லின் முதலில் மரியாதைக்காகக் கேட்டாள். பிறகு, அப்படியானால் எஸ்டரில் என்ன நடக்கும் என்று தானே கேட்டாள். சார் சொல்வதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். நான்கு வருஷமாக விடைகளை அடித்தவள் காரணத்தைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவரும் அவளிடம் இதுவரை ஒரு காரணமும் சொன்னதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் கிளம்பும்போது அவர் பேனாவை மூடியபடி, அவளைப் பார்க்காமல் சொன்னார். “இனிமே கீல ஏதாச்சும் இடிச்சா அடிக்காதே. நிறுத்திடு. எனக்குப் போன் கெடைக்கலைன்னா தேர்வையே நிறுத்திடு.” கதவு வரைக்கும் போனவர் திரும்பி, “அசிட்டிக் அமிலத்தை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றார். சொன்னார். அடுத்த வாரத்துக்குள் எல்லா வகுப்புக்கும் தெரிந்துவிட்டது.

ஸ்வீட்லினுக்கு அது பெரிதாகப் படவில்லை. அவளை அரித்தது வேறு. கவிப்பிரியா கேட்டதற்குப் பயம் என்று சொன்னாளே, பயத்துக்குக் காரணம் தனக்குத் தெரிந்தது அரைகுறை என்பதுதானே. அடுத்த மாதம் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூ வேதியியலை மட்டும் தனிப் பாடமாக எழுதலாம் என்று எங்கேயோ பார்த்துவிட்டு விண்ணப்பம் போட்டாள். பிராங்கிடம் சொன்னபோது அவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, எதற்கு என்று கேட்டான். இத்தனை நாள் கிளைமாக்ஸ் மட்டும் பார்த்துட்டு வந்தேன், முதல்லேர்ந்து பாக்கணும் என்றாள். அது அவனுக்கு நியாயமாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் கழுவும் வேலையை அவன் ஏற்றுக்கொண்டான்.

செய்முறைத் தேர்வுதான் அவளை ஆட்டிவைத்தது. எண்ணாயிரம் கேள்வி அடித்தவள் ஒரு சோதனைக் குழாயைக் கையில் தொட்டதில்லை. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் பதினெட்டு வயதுப் பிள்ளைகள். அவளைத் தேர்வாளர் என்று நினைத்து இரண்டு பேர் நிமிர்ந்து நின்று வணக்கம் சொன்னார்கள். அவளுக்கு ஒரு திரவத்தைக் கொடுத்து அது எந்த வகை என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். டாலன்ஸ் கரைசலைச் சேர்த்து, கொதிக்கும் நீரில் குழாயை நிறுத்தினாள். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு கண்ணாடிச் சுவரில் அடியிலிருந்து மேலே ஒரு பளபளப்பு ஏறியது. குழாய் முழுக்க வெள்ளியாயிற்று. அதில் அவள் முகம் நீளமாக, மூக்கு பெருத்துத் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். உண்மையான தேர்வாளர் வந்து, என்னம்மா, விடை தெரியலையா என்று கேட்டார். தெரியும் சார், நிஜமாகவே இப்படி ஆகும்னு தெரியாது, என்றாள்.

எழுபத்துநான்கு மதிப்பெண் வந்தது. கவிப்பிரியா அந்த வருஷமே அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துப் போய்விட்டாள். கஜபதி அவளைப் பெட்டியோடு விட்டுவிட்டு வந்த கையோடு ஆபீஸுக்கு வந்து, ஸ்வீட்லினுக்கும் சாருக்கும் ஒரு கிலோ மைசூர்பாகு கொடுத்துவிட்டுப் போனார். மனோகரன் சார் இப்போது விடைக் குறிப்பை எழுதித் தன் மேஜையிலேயே வைத்துக்கொள்கிறார். உடனே அவளிடம் தருவதில்லை. அவளாகப் போட்டுப் பார்த்து வந்து ஒப்பிட வேண்டும். மாதத்துக்கு ஒன்றாவது இடிக்கிறது. அதில் பாதி நேரம் தப்பு அவளுடையது, மீதி நேரம் நாதஸ்வரம் இல்லாமலே சாருடையது.

போன மாதம் அவள் அடுத்ததாக இயற்பியலுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். செய்தி இயற்பியல் எடுக்கும் சந்தோஷ் சார் காதுக்குப் போனது. சனிக்கிழமை அவர் கொண்டுவந்து கொடுத்த விடைக் குறிப்பில், ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் பென்சிலால் இரண்டு முறை டிக் போட்டிருந்தது.